சிரித்தாலும் பயம்: பைபோலாரும் பதகளிப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. எனது கிளினிக் கொப்பியில் பைபோலார் என்று எழுதிப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்தில் மனநல கிளினிக்குக்குப் போய், நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் இருக்கிறேன். அந்த வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்ட கேள்விகள்தான் கீழே உள்ளவை. சில நானே மருத்துவரைக் குடைந்து கேட்டவை. யார் கேட்டது என்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். மருந்து பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்து பார்க்க வேண்டாம்.

பைபோலார் என்றால் சுருக்கமாக என்ன?

மனநிலை இரண்டு பக்கமும் எல்லை தாண்டிப் போகிற நோய். ஒரு பக்கம் மேனியா: ஒரு வாரமாவது நீடிக்கிற அளவுமீறிய உற்சாகம் அல்லது எரிச்சல், நித்திரை தேவைப்படாமை, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, என்னால் முடியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. இதன் இலேசான வடிவத்தை ஹைப்போமேனியா என்பார்கள். அது நாலு நாள் நீடித்தாலே கணக்கில் எடுப்பார்கள். மறுபக்கம் மனச்சோர்வு, இரண்டு வாரமோ அதற்கு மேலோ.

ஊருக்குத் தெரிவது மேனியாதான். நாங்கள் அதிகம் கிடந்து உழல்வது சோர்வில். நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், முதல் வகை பைபோலார் (முழு மேனியா வருகிற வகை) உள்ளவர்கள் தங்கள் காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சோர்வின் அறிகுறிகளோடு கழித்திருந்தார்கள். மேனியாவோடு கழிந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2019 இல் உலகம் முழுவதும் 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே வாங்கு நீளமானதுதான்.

எனக்குப் பயமும் படபடப்பும்தான் கூட. அப்படியென்றால் டொக்டர் நோயைப் பிழையாகப் பிடித்துவிட்டாரா?

இரண்டும் சேர்ந்தே வரும். பைபோலார் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு பதகளிப்பு நோயும், அதாவது பயமும் படபடப்பும் அளவுமீறி நிற்கிற நோயும், இருந்திருக்கிறது. திடீரென்று நெஞ்சை அடைக்கும் பீதி, சனத்தைக் கண்டால் கூச்சம், ஓயாத யோசனை, எந்த வடிவத்திலும் வரலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், பைபோலாரோடு பதகளிப்பும் இருந்தால் அதைத் தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். காரணம் இருக்கிறது. பதகளிப்பு சேர்ந்தால் நோய் திரும்பத் திரும்ப வரும், சோர்வு ஆழமாகும், குடிப்பழக்கம் எளிதாக ஒட்டிக்கொள்ளும், தற்கொலை எண்ணமும் கூடும்.

ஆனால் கிளினிக்கில் யாரும் "எனக்குப் பதகளிப்பு நோய்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சிடிக்குது", "ஒரே யோசனையாக் கிடக்கு", "வயித்துக்குள்ளை ஏதோ செய்யுது", "பதகளிச்சுப் போனன்" என்றுதான் சொல்கிறோம். பாதிப் பேர் முதலில் இருதய கிளினிக்குக்குப் போய் ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டுத்தான் இங்கே வருகிறார்கள். படபடப்பை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். "மேனியா பற்றித்தானே கேட்பார்" என்று நானும் இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தேன்.

அக்கா, சந்தோஷமாக இருந்தாலே பயமாக இருக்கிறது. இது என்ன?

வாங்கில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். என் கேள்வியும் இதுதான்.

ஒருநாள் குசினியில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது ஏதோ பாட்டை முணுமுணுத்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. போன தடவை தொடங்கினதும் பாட்டில்தான். மூன்று இரவு நித்திரையில்லாமல் பாடியிருக்கிறேன். கத்தியை வைத்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக அடித்தது. பயத்தில் அடித்ததா, நோயில் அடித்ததா என்று யோசிக்க யோசிக்க இன்னும் வேகமாக அடித்தது.

நடப்பது இதுதான். நோய் பிடிபட்டவுடன் எங்களுக்கு எச்சரிக்கை அறிகுறிகளைச் சொல்லித் தருகிறார்கள். கூடக் கதைப்பது, கூடச் சிரிப்பது, புதுத் திட்டம் போடுவது, நல்லாய் உடுத்துவது. அந்தப் பட்டியலைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஒரு மனுசி சந்தோஷமாக இருக்கும்போது செய்கிற அத்தனையும் அதில் இருக்கிறது! அதனால் நல்ல மனநிலை வந்தாலே வீட்டுக்குள் களவன் வந்த மாதிரி விளக்கைப் போட்டுத் தேடத் தொடங்குகிறோம். இரவு நித்திரை போகிறது. நித்திரை குழம்புவதோ உண்மையாகவே மேனியாவைக் கிளப்பக்கூடியது. பயந்ததையே பயம் கூட்டிக்கொண்டு வருகிறது.

எனக்கு உதவிய ஒரே மாற்றம்: சந்தோஷத்தைக் கணக்கெடுப்பதை விட்டுவிட்டு நித்திரையைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. ஒரு கொப்பியில் படுத்த நேரம், எழும்பிய நேரம், அவ்வளவுதான். ஆறரை, ஏழு மணித்தியாலம் படுத்திருந்தால் அன்று நான் என்ன பாட்டுப் பாடினாலும் அது பாட்டு மட்டுமே. இரண்டு இரவு தொடர்ந்து நாலு மணித்தியாலத்துக்குக் கீழே போய், காலையில் களைப்பும் இல்லை என்றால் மூன்றாம் நாள் கிளினிக்குக்கு அழைப்பு எடுப்பது என்று தங்கச்சியோடு பேசி வைத்திருக்கிறேன். இந்த எண்கள் என் மருத்துவர் எனக்குச் சொன்னவை. உங்களுடையதை நீங்கள் கேட்டு வையுங்கள்.

இப்போது வந்திருப்பது பதகளிப்பா, மேனியாவின் தொடக்கமா? எப்படிப் பிரிப்பது?

இரண்டிலும் நெஞ்சிடிக்கும், எண்ணம் ஓடும், இருக்க முடியாது. நான் பார்க்கிற அடையாளம் மறுநாள் காலைதான். பதகளிப்பில் நித்திரை வேண்டும், ஆனால் வராது. விடிய உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். மேனியாவில் நித்திரை தேவையே இல்லாத மாதிரி இருக்கும். மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டுக் கிணற்றடியில் நின்று முழு வீட்டுத் துணியையும் தோய்க்கலாம். பதகளிப்பின் எண்ணம் ஒரே இடத்தைச் செக்கு மாடு மாதிரிச் சுற்றும். மேனியாவின் எண்ணம் கிளைக்குக் கிளை தாவும்.

இரண்டும் கலந்தும் வரும். மனம் செத்துப்போன மாதிரி இருக்கும், உடம்போ ஓடச் சொல்லும். கலப்பு நிலை என்பார்கள். இதுதான் ஆபத்தானது, அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எது உண்மையான நான்? மேனியாவில் இருந்தவளா, குளிசை போட்டு அமைதியாக இருப்பவளா?

உயர்தரம் எழுதிவிட்டு இருந்த ஒரு பிள்ளை கேட்டது. "மேனியாவிலைதான் அக்கா நான் கெட்டிக்காரி. இப்ப இருக்கிறது ஆரெண்டே தெரியேல்லை" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அன்று எனக்கும் பதில் தெரியாது.

இப்போது நினைப்பதைச் சொல்கிறேன். இந்த நோயில் தன்னைப் பற்றிய மதிப்பீடும் மனநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். நோய் அடங்கி நல்லாய் இருக்கிற காலத்திலும், நோயில்லாதவர்களைவிட எங்கள் சுயமதிப்புச் சற்றுத் தாழ்ந்தும் அதிகம் ஆடியும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேனியாவில் நான் பெரிய ஆள் என்று தீர்ப்புச் சொன்னதும், சோர்வில் நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தீர்ப்புச் சொன்னதும் ஒரே நீதிபதி. இரண்டு தரமும் அவருக்குச் சுகமில்லை. சுகமில்லாத நீதிபதிக்கு முன்னால் வழக்கைக் கொண்டு போகாதீர்கள். தவணை போடுங்கள்.

அப்புறம், இரண்டு பக்கமும் மாறாமல் இருந்தது எது என்று தேடிப் பார்த்தேன். நான் தையல்காரி. மேனியாவில் விடிய விடியத் தைத்தபோதும், சோர்வில் ஊசி கோர்க்கவே தெம்பில்லாமல் கிடந்தபோதும், கோணலாகப் போன மடிப்புத் தையலைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பாகற்காய் பிடிக்காது. அம்மாவின் இருமல் சத்தம் கேட்டால் எந்த நிலையிலும் எழும்புவேன். பெரிய கண்டுபிடிப்பு இல்லைத்தான். ஆனால் 'நான்' என்பது இப்படிச் சின்னச் சாமான்களில்தான் இருக்கிறது போல.

குளிசையால் மந்தமாக, மழுங்கின மாதிரி இருப்பதும் உண்மைதான். அது உங்கள் குணம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். அளவு கூடியிருக்கலாம், வேறு மருந்து பொருந்தலாம், மிஞ்சிய சோர்வாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டிய விஷயம்.

மேனியாவில் செய்ததை நினைத்தால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

நான் நகையை அடைவு வைத்து மூன்று தையல் மெஷின் வாங்கினேன். கடை எங்கே என்று யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குத் திறப்புவிழா அழைப்பிதழ் அடித்து, ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் கொடுத்தேன். சிலர் வந்தும் பார்த்தார்கள், பாவம். பிறகு ஆறு மாதம் படலையைத் தாண்டவில்லை.

வெட்கமும் பதகளிப்பும் இங்கே ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. சனம் கதைக்கும் என்ற பயத்தில் உள்ளே இருப்போம். உள்ளே இருக்க இருக்கச் சனம் கதைப்பது இன்னும் பெரிதாகக் கேட்கும். "நோயில் செய்தது, உன் பொறுப்பில்லை" என்று உளவளத்துணையாளர் ஒருவர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, ஏனென்றால் அடைவுக் கடன் என் பெயரில்தான் இருந்தது. உதவியது வேறு: ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விற்றேன். கோபமாகப் பேசிய இரண்டு பேரிடம் போய் ஒருதரம், ஒரேயொருதரம், மன்னிப்புக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே ஒரு பதகளிப்புச் சடங்காகிவிடும். காசுப் பக்கம் இப்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது: பெரிய தொகை எடுக்க வேண்டுமென்றால் தங்கச்சியிடம் சொல்லி மூன்று நாள் பொறுப்பேன்.

எல்லாரும் என்னைப் பார்த்து விசர் என்று கதைக்கிற மாதிரி இருக்கிறது. இது நோயா, உண்மையா?

இரண்டும் கொஞ்சம். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டுக்குத் தெரியாத நோய் எங்கே இருக்கிறது? "உனக்கென்ன விசரா?" என்பது எங்கள் ஊரில் ஒருநாளில் பத்துத் தரம் விழுகிற வசனம், சொல்கிறவர் எங்களை நினைத்துச் சொல்வதில்லை, ஆனால் எங்களுக்குத்தான் குத்துகிறது. "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்ற பகிடியும் அப்படியே; கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநல வைத்தியசாலை இருக்கிற ஊர் அது. கதைப்பார்கள் என்று கூச்சப்படுவது ஒன்று. ரேடியோவிலும் பஸ்ஸிலும் என்னைப் பற்றியே கதைக்கிறார்கள், சதி செய்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுவது வேறு. அப்படியென்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு சாமானை வைத்த இடம் மறந்தால் மற்றவர்களுக்கு மறதி, எங்களுக்கு மட்டும் 'விசர் தொடங்கீட்டுது'.

குளிசையால் உடம்பு வைத்துவிட்டது. கலியாண வீட்டுக்குப் போகவே பயம்.

ஒலன்சபின் போன்ற சில மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும், சீனியையும் கொழுப்பையும் கூட்டலாம். இது நிஜம், உங்கள் கற்பனை இல்லை. எடையையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தை மாற்ற வழியிருக்கலாம். "நல்லா உடம்பு வைச்சிட்டீர்" என்கிற மாமிமாருக்கு மருந்து இல்லை.

பயத்துக்கென்று தனிக் குளிசை தரமாட்டார்களா?

தருவார்கள், ஆனால் கவனமாக. பதகளிப்புக்கு வழக்கமாகக் கொடுப்பது மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள். பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் அதை மட்டும் கொடுத்தால் மேனியா கிளம்பலாம். படபடப்பு என்று சொல்லி வேறு மருத்துவரிடம் மருந்து எடுக்கிறவர்கள் பைபோலார் என்ற சொல்லையும் கட்டாயம் சொல்ல வேண்டும். டயசபாம் மாதிரிக் குளிசைகள் உடனே அடக்கும்; நாள் போகப் பழக்கமாகிவிடும் என்பதால் கொஞ்ச நாளுக்கே தருவார்கள். பக்கத்து வீட்டு அன்ரியின் அட்டையில் இரண்டு உடைத்து எடுப்பதை விடுங்கள். மூச்சிழுப்பு, மூட்டு நோவு போன்றவற்றுக்குத் தரும் ஸ்டீரொய்ட் குளிசையும் மேனியாவைக் கிளப்பக்கூடும், அங்கேயும் சொல்லுங்கள்.

கதைத்துச் செய்யும் சிகிச்சையும் இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் முறைகள் பதகளிப்புக்கு நல்லாய் உதவும். மேனியா கிளம்பும் பயமும் இல்லை. தேநீரையும் எண்ணுங்கள். நான் நாளுக்கு ஏழு பிளேன்ரீ குடித்துக்கொண்டு நெஞ்சிடிக்குது என்று அழுதேன்.

லித்தியம் எடுக்கிறேன். கந்தசஷ்டி பிடிக்கலாமா?

ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிற கேள்வி, நல்லூர்த் திருவிழாவிலும் வரும். விரிவாகவே சொல்கிறேன்.

லித்தியம் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து, ஒரு வகை உப்பு. 1949 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் மேனியாவுக்கு அது உதவுவதைக் கண்டு எழுதினார். இன்றுவரை இதைவிட நம்பகமான மருந்து அதிகம் இல்லை. தற்கொலையைக் குறைப்பதற்கும் இதற்கு நல்ல பெயர். ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. பொதுவாக இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் அளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள், சிலருக்கு 1.0 வரை. கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தின் பின் இரத்தம் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். தைரொயிட்டையும் சிறுநீரகத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்ப்பார்கள்.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு நாள் தண்ணீரும் இல்லாமல் சஷ்டி பிடிப்பது, ஆவணி வெயிலில் சுடுமணலில் பிரதட்டை செய்வது, திடீரென உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறுவது எல்லாமே அளவை ஏற்றும். வயிற்றோட்டமும் வாந்தியும் அப்படியே. பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்ற நோ மருந்துகளும் ஏற்றும். நோவுக்குப் பரசிற்றமோல் பாதுகாப்பு. கை பெரிதாக நடுங்கினால், தள்ளாடினால், நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறினால், வாந்தி நிற்காவிட்டால் அது அவசரம். குளிசையைப் போடாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

விரதத்துக்காகக் குளிசையை ஆறு நாள் நிறுத்திப் பார்ப்பது இன்னும் மோசம். சடுதியாக நிறுத்தினால் மேனியா திரும்பி வருவது நடக்கிற விஷயம். எனக்கு மருத்துவர் ஒருநேரச் சாப்பாடு, உப்பு, நிறையத் தண்ணீர் என்று சொல்லி அனுப்பினார். முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

சாதாரண அளவிலும் லித்தியத்தால் விரல் கொஞ்சம் நடுங்கும். யாரும் வீட்டில் தேத்தண்ணி தந்தால் கோப்பை சோசரில் கடகடக்கும். "ஏன் பிள்ளை பயப்பிடுறாய்?" என்பார்கள். பயமில்லாத ஆளுக்கும் அதைக் கேட்டால் பயம் வந்துவிடும். நான் இப்போது சோசரை மேசையிலேயே வைத்துவிட்டுக் கோப்பையை மட்டும் எடுப்பேன்.

இது யுத்தத்தால் வந்ததா?

பைபோலாரில் பரம்பரையின் பங்கு பெரிது. கடும் அழுத்தம் ஒரு சுற்றைத் தொடக்கிவிடலாம். யுத்தம் நேரடியாக விட்டுப்போனது வேறொன்று. 1995 இடப்பெயர்வில் நடந்த என் அம்மாவுக்கு இன்றும் வெடிச் சத்தம் கேட்டால் கால் விறைக்கும். அவருக்குப் பைபோலார் இல்லை. சிலரிடம் இரண்டும் இருக்கும். அந்தக் கதையையும் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

செய்வினை, கழிப்புக் கழிக்கவேணும் என்கிறார்கள்.

வீட்டார் மனம் ஆறட்டும், செய்யட்டும். குளிசையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழும்பி வாருங்கள்.

சம்பந்தம் பேசுகிறார்கள். சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எல்லாருக்கும் இல்லை, தரகருக்கு இல்லவே இல்லை. குறிப்புப் பொருந்தி இரண்டு பேரும் கதைக்கிற நிலை வந்தால் அவரிடம் நேரே சொல்லுங்கள். மறைத்துக் கட்டினால் ஒவ்வொரு குளிசையையும் ஒளித்துப் போட வேண்டும். அந்தப் பதகளிப்பு, நோயைவிடப் பெரிது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூறில் ஐந்து முதல் பத்து வரை. மற்றப் பக்கம் பாருங்கள்: நூறில் தொண்ணூறுக்குக் குறையாத பிள்ளைக்கு வராது. பெண்கள் பைபோலாருக்குத் தரும் வல்புரோவேட் என்ற மருந்தை எடுத்தால் கருத்தரிக்கும் எண்ணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கதையுங்கள். அந்த மருந்துக்கு உட்படும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது.

நான் தாய். மகன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும் "குளிசை போட்டியா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அம்மா, அந்தக் கேள்வி அவனுக்கு எப்படிக் கேட்கும் தெரியுமா? உன் சிரிப்பு உன்னுடையதில்லை என்று கேட்கும். கோபம் வந்தால் குளிசை, அழுதால் குளிசை. அவன் நியாயமாகக் கோபிக்கவும் இடம் வேண்டும். சுகமாக இருக்கும் நாளில் அவனோடு இருந்து, எந்த மூன்று அடையாளம் கண்டால் நீங்கள் வாய் திறக்கலாம் என்று அவனே சொல்லட்டும். மற்ற நேரம் சாப்பிட்டியா என்று கேளுங்கள்.

கனடாவில் இருந்து வரும் அழைப்புகளையும் நேரத்தோடு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே மத்தியானம், இங்கே நடுச்சாமம். அவர்களுடைய ஓய்வு நேரத்துக்காக அவன் நித்திரை போகக் கூடாது.

சாக வேண்டும் போல இருக்கிறது. யாரிடம் சொல்வது?

இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அவசரமென்றால் 1990 இலவச அம்புலன்ஸ். யாழ் போதனா வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு நேரேயும் போகலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கேட்கமாட்டார்கள்.

வீட்டாருக்கு: தோட்டத்து மருந்துப் போத்தல்களை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், குளிசையை வாரத்துக்கு அளவாகக் கையில் கொடுங்கள். 1995 அளவில் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கடும் நஞ்சான பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு பெருமளவு இறங்கியது. கைக்கு எட்டாமல் வைத்தால் உயிர் மிஞ்சுகிறது. அந்த நினைப்பின் உச்சம் பலருக்கு நெடுநேரம் நிற்பதில்லை. எனக்கும் நிற்கவில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது எதைச் சொல்வது? உள்ளே போனவுடன் எல்லாம் மறந்துவிடுகிறது.

எல்லாருக்கும் மறக்கும். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், பின்னால் நாற்பது பேர். நித்திரைக் கொப்பியைக் கொண்டு போங்கள். கேட்க வேண்டிய இரண்டு கேள்வியை முதல்நாள் இரவே அதில் எழுதி வையுங்கள். மூன்றாவது அடுத்த மாதத்துக்கு. படபடப்பு வந்த நாட்களுக்கு ஒரு புள்ளடி போடுங்கள். மற்ற இடங்களில் எடுத்த குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், பெயர் தெரியாவிட்டாலும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மத்தியானமாகும். லித்தியம் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளென்றால் காலை லித்தியக் குளிசையைப் போடாமல் கையில் கொண்டு வாருங்கள்.